நீரேற்று நிலையச் சுவரில் ஒரு முகம்

1. புகார்தாரர் நேரில் வந்தார்

உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் என் காலமெல்லாம் புகார்களோடுதான் கழிந்தது. தண்ணீர் வரவில்லை, வந்த தண்ணீர் நாறுகிறது, பக்கத்து வீட்டுக்காரர் மோட்டார் போட்டு உறிஞ்சுகிறார், தெருவிளக்கு பகலில் எரிகிறது, இரவில் எரிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரிவு உண்டு, ஒரு பதில் வாசகம் உண்டு. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஆனால் தான் செத்துவிட்டதாக ஊர் நம்புகிறது, அதற்கு அலுவலகம்தான் காரணம் என்று ஒருவர் வந்து நின்றால் அதற்குப் பிரிவு கிடையாது. தபால் எழுத்தர் சற்று யோசித்துவிட்டு அவரை என் அறைக்கு அனுப்பினார். எங்கும் சேராத தபால் உதவிச் செயற்பொறியாளருக்கு என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதப்படாத விதி. தாம்பரம் பகுதிக்கு அந்த உதவிச் செயற்பொறியாளர் நான்தான்.

வந்தவர் கஸ்தூரி. மேற்குத் தாம்பரம் மார்க்கெட் ஓரத்தில் பூக்கடை வைத்திருப்பவர். ஐம்பதைத் தாண்டிய வயது. மேசைக்கு எதிரே நின்று, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"மேடம், என்னைக் கொஞ்சம் நல்லா பாருங்க. நான் உசுரோட கீறேனா, இல்லியா?"

இருக்கிறீர்கள், உட்காருங்கள் என்றேன்.

"அத்த ஒரு பேப்பர்ல எழுதி ஸீல் போட்டுக் குடுங்க. கடையில மாட்டி வுடறேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

உயிருடன் இருப்பதற்கான சான்றிதழ் வழங்கும் அதிகாரம் எனக்கில்லை. ஓய்வூதியர்களுக்குக் கருவூலம் வழங்குகிறது. கஸ்தூரிக்கு ஓய்வூதியம் இல்லை. இதை அவரிடம் சொல்லவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன.

2. முகம் சுவருக்கு ஏறிய கதை

கிழக்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்திலிருந்து கேம்ப் ரோடு போகும் வழியில் எங்கள் நீரேற்று நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் பத்தடி மதில்சுவர் சாலையைப் பார்த்த மாதிரி நீளமாக ஓடும். அந்தச் சுவரோடு எனக்கு நெடுநாள் பகை. முதலில் அது ஊருக்கெல்லாம் இலவசக் கழிப்பிடமாக இருந்தது. மும்மதக் கடவுளர் படம் போட்ட டைல்ஸ் பதித்தோம். பொதுமக்கள் பக்தியோடு நான்கடி தள்ளி நின்று காரியத்தைத் தொடர்ந்தார்கள். பிறகு போஸ்டர்கள். பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு, மூலம் பவுத்திரம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணீர் அஞ்சலி. இறந்தவர்களின் போஸ்டரை மட்டும் கிழிக்க எங்கள் பணியாளர்கள் தயங்குவார்கள். பதினாறு முடியட்டும் மேடம் என்பார்கள். அதனால் எந்த வாரத்திலும் அந்தச் சுவரில் நாலைந்து பேர் மாலையோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் 'நம்ம ஊர் முகங்கள்' என்ற திட்டம் வந்தது. அரசியல்வாதிகளும் நடிகர்களும் போதும், உழைக்கும் சாதாரண மனிதர்களைப் பொதுச் சுவர்களில் பெரிதாக வரைவோம் என்பது யோசனை. நல்ல யோசனை, இன்றும் அப்படித்தான் சொல்வேன். கமிஷனர் எங்கள் மதிலைப் பார்த்ததும், "மேடம், இந்த வால் பெர்ஃபெக்ட். சிக்னல்ல நிக்கிறவன் எல்லாம் பார்த்தே ஆகணும்" என்றார். முதல் முகமாகக் கஸ்தூரியைத் தேர்ந்தெடுத்தது திட்டத்துக்கான கமிட்டிதான். அவர் கடையில் பூ வாங்காத கமிட்டி உறுப்பினர் யாருமில்லை.

வரைய வந்தவர் பிரவீன். சிறுசேரியில் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். கடையிலேயே உட்கார்ந்து பல கோணங்களில் படமெடுத்துக்கொண்டார். கஸ்தூரியின் கடையில் தலைக்கு மேல் ஒரு கம்பி உண்டு. கட்டிய சரத்தை அதில் இருபக்கமும் தொங்கவிட்டு, நுனியை மடியில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு கட்டிக்கொண்டே போவார். மேலே ஒரு குண்டு பல்பு. நடுவில் அவர் முகம். பிரவீனுக்கு அந்தக் காட்சி பிடித்துப்போனதில் வியப்பில்லை.

படம் பிரமாதமாக வந்தது. நெற்றிப் பொட்டு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. கண்ணோரச் சுருக்கங்களில் ஒன்றைக்கூட அவர் விடவில்லை. இருபுறமும் மேலிருந்து இறங்கும் மல்லியும் சாமந்தியும். உச்சியில் பல்பின் மஞ்சள் வெளிச்சம். பணியை அளந்து, அளவுப் பதிவேடான எம்-புக்கில் சதுர மீட்டரில் ஏற்றினோம். கன்னம் தனி, நெற்றி தனி என்று பிரிக்கவில்லை, மொத்தமாக.

எங்கள் எல்லாச் சுவர்களையும் போல இதற்கும் கீழே இரண்டரை அடிக்கு நீலப் பட்டை உண்டு. அதில் வெள்ளை எழுத்தில் அலுவலகத்தின் பெயர், திட்டத்தின் பெயர், படத்திலிருப்பவரின் பெயர், தொழில், காலம். காலம் என்ற பத்தியில் அவர் பூ வியாபாரம் தொடங்கிய ஆண்டு, ஒரு சிறு கோடு, படம் வரைந்த ஆண்டு. இந்த மாதிரிப் படிவம் கமிஷனருக்குக் கீழே ஏழு மேசைகளைத் தாண்டி ஏழு கையெழுத்தோடு வந்தது. ஏழு பேரும் தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய மனிதர் வந்தார். திரையை விலக்கி, தட்டிலிருந்த பூவை அள்ளிப் படத்தின் மேல் தூவி, ஒரு நிமிடம் கைகூப்பி நின்றார். அந்தப் பூவைக் கொண்டுவந்து கொடுத்ததே கஸ்தூரிதான். நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை இருந்தது, சிறப்புரை இருந்தது, நன்றியுரை இருந்தது. கஸ்தூரியை மேடையேற்றும் இனம் இல்லை. அவர் கூட்டத்தின் பின்வரிசையில் கால்விரல் ஊன்றி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் செய்தித்தாளில் வந்த படத்தில் பெரிய மனிதர் இருந்தார், கைகூப்பல் இருந்தது, பூ இருந்தது, சுவரில் கஸ்தூரி இருந்தார்.

3. ஊர் அதை எப்படிப் படித்தது

பூச்சரத்துக்கு நடுவே ஒரு முகம், தலைக்கு மேல் விளக்கு, கீழே இரண்டு ஆண்டுகளும் நடுவில் ஒரு கோடும். அதுவும் பல ஆண்டுகளாகக் கண்ணீர் அஞ்சலி ஒட்டப்பட்டு வந்த சுவரில். ஊர் அதைத் தப்பாகப் படித்தது என்று நான் எந்தக் கூட்டத்திலும் சொன்னதில்லை. கொடுத்ததைச் சரியாகத்தான் படித்தார்கள்.

பேருந்தில் போனவர்கள் 'உச்' கொட்டினார்கள். யாரோ ஒருவர் சுவரடியில் உண்மையான ரோஜா மாலை ஒன்றை வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் ஊதுவத்தி கொளுத்தினார். கல்லூரிப் பிள்ளைகள் செல்ஃபி எடுத்தார்கள், ஆனால் சிரிக்காமல். எதிரே இருந்த ஆட்டோ ஸ்டாண்டில் செல்வம் என்பவர், விசாரித்தவர்களுக்கெல்லாம் ஹார்ட் அட்டாக் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார். பிற்பாடு அவரைக் கேட்டேன். "எல்லாரும் எப்டிப் போனாங்கன்னுதான் மேடம் கேக்கறாங்க. தெரியலன்னு சொன்னா மரியாதையா இருக்காது" என்றார்.

நான் போகும் தேவாலயச் சபைக்கும் விஷயம் வந்தது. பலிபீடத்துக்குச் சனிக்கிழமைதோறும் பூ வாங்கும் பொறுப்பு கிரேஸ் டீச்சருடையது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, கணவரை இழந்தவர், எதையும் தாமதிக்காதவர். அந்த வாரம் சுவரைப் பார்த்துவிட்டு வேறு கடையில் பூ வாங்கியிருந்தார். ஞாயிறு ஆராதனையில், நம் ஆலயத்துக்குப் பல காலம் பூ கொடுத்த சகோதரியின் துக்கத்திலிருக்கும் குடும்பத்துக்காக ஜெபிப்போம் என்று எழுந்து நின்றார். நானும் கண்ணை மூடி ஆமென் சொன்னேன். எந்தச் சகோதரி என்று தோன்றவே இல்லை. மறுநாள்தான் அந்தச் சகோதரி என் அறையில் வந்து உட்கார்ந்தார்.

பேருந்தில் பார்த்துவிட்டு ஏமாந்தவர்களைப் பற்றிக் கஸ்தூரிக்குப் பெரிய வருத்தமில்லை. அவர்கள் கடைக்கு வந்தால் நேரில் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். உயிரோடு இருப்பது தெரிந்தவர்களால்தான் அவருக்குச் சிக்கல். ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் பிடிக்கிற மாதம் அதுதான். மணமாலை, ஜடை, மேடை, கார் அலங்காரம் என்று ஆவணியில் சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர் ஐப்பசி மழையைத் தாண்டுவார். பீர்க்கன்கரணையில் ஒரு பெண் வீட்டார் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். படம் வந்த மறுவாரம் அந்த வீட்டு அம்மாள் கடைக்கு வந்தார்.

அவர் என்ன சொன்னார் என்பதைக் கஸ்தூரி என்னிடம் அப்படியே சொன்னார்: "தப்பா எடுத்துக்காத கஸ்தூரி. நீ நல்லாத்தான் இருக்க. ஆனா படத்துக்கு மாலை போட்டு ஊரே பாத்துருச்சு. கல்யாண மாலை உன் கையால வந்தா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எங்க மாமியார் என்னை விடமாட்டாங்க."

அதற்குப் பிறகு இன்னும் சிலர். எல்லோரும் தன்மையாகத்தான் சொன்னார்களாம்.

"திட்டுனா நானும் திட்டுவேன் மேடம். இவங்க பாவம்னு பாக்கறாங்க. அத்த இன்னா பண்றது?" என்றார் கஸ்தூரி. பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார். "சுண்ணாம்பு அடிச்சுடுங்க. ஆவணி பொறக்கறதுக்குள்ள. எனக்கு அந்த மூஞ்சியே வாணாம்."

4. அழிப்பதற்கு என்ன வழி

எனக்கு நடைமுறை தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. தெரியாதவராக இருந்தால் அன்று மாலையே ஒரு டிரம் சுண்ணாம்போடு ஆளனுப்பியிருக்கலாம்.

திட்டப் பணியில் முடிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, திறந்துவைக்கப்பட்ட ஒன்றை அழிக்க மன்றத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் கொண்டுவர அலுவலகக் குறிப்பு வேண்டும். குறிப்பில் அழிப்பதற்கான காரணம் வேண்டும். சேதமடைந்தது, காலாவதியானது, பாதுகாப்புக்கு ஆபத்தானது என்று மூன்று காரணங்கள் ஏற்கத்தக்கவை. அபசகுனம் நான்காவதாக இல்லை. குறிப்பு எழுதினாலும் அடுத்த மன்றக் கூட்டம் ஆவணிக் கடைசியில். அதற்குள் அவரது முகூர்த்தங்கள் முடிந்திருக்கும்.

இருந்தாலும் கமிஷனரிடம் போனேன். நல்ல மனிதர், வடக்கேயிருந்து வந்து தமிழைக் கற்றுக்கொண்டவர். சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் போனில் அந்தப் படத்துக்கு வந்திருந்த பாராட்டுகளை எனக்குக் காட்டினார்.

"மேடம், பீப்பிள் லவ் இட். அழிச்சா நாளைக்கு பேப்பர்ல என்ன வரும்? பூக்காரம்மா படத்தை அதிகாரிகள் அழிச்சாங்கன்னு வரும். அந்த அம்மாவுக்கு அது நல்லதா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அழித்தால் ஊர் அதையும் ஒரு விதமாகத்தான் படிக்கும். ஏதோ நடந்துவிட்டது, அதனால்தான் அழித்தார்கள் என்பார்கள். படத்தின் மேல் ஒரு தூரிகை படுவதற்கும் தன் அனுமதி வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அதை எழுத்திலும் அனுப்பினார். நானும் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டேன்.

பிரவீனுக்கு போன் செய்து சொன்னேன். பிறகு, "மேடம், அது மாலை இல்ல, சரம். அவங்க கட்டிட்டு இருக்கிற சரம்" என்றார். எனக்குத் தெரியும் தம்பி, ஆனால் சிக்னலில் நிற்கிறவருக்குப் பச்சை விழுவதற்குள் அது தெரிய வேண்டுமே என்றேன். அடுத்த நாளே வருவதாகச் சொன்னார்.

5. தல ஆய்வு

தல ஆய்வுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. என் எல்லைக்குட்பட்ட எந்தச் சுவரையும் நான் போய்ப் பார்க்கலாம். கஸ்தூரியையும் பிரவீனையும் வரச்சொன்னேன். கிரேஸ் டீச்சரை நான் அழைக்கவில்லை. நடந்ததைக் கேள்விப்பட்டு, கஸ்தூரியிடம் மன்னிப்புக் கேட்க அவரே ஒரு பை மாம்பழத்தோடு வந்துவிட்டார். ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து செல்வமும் அவர் நண்பர்களும் வந்தார்கள். நம் ஊரில் நாலு பேர் சுவரைப் பார்த்து நின்றால் அது கூட்டமாக அதிக நேரம் ஆகாது.

பிரவீன் கஸ்தூரியின் முன்னால் கைகட்டி நின்றார். "அக்கா, எனக்கு நிஜமாவே தோணல. ரொம்ப சாரிக்கா."

"நீ அளகாத்தான் வரைஞ்ச தம்பி. கண்ணாலத்துக்குக்கூட என்னை யாரும் இவ்ளோ நல்லா போட்டா புடிக்கல" என்றார் கஸ்தூரி. "ஆனா பாக்கறவன் கன்னத்துல போட்டுக்கினு போறானே."

கூட்டத்திலிருந்து யோசனைகள் வர ஆரம்பித்தன. பூவை அழித்துவிடலாம் என்றார் ஒருவர். பூ இல்லாமல் பூக்காரம்மா எப்படி என்றார் பக்கத்திலிருந்தவர். காதில் ஒரு செல்போன் வைத்துவிட்டால் உயிரோடு இருப்பது தெரிந்துவிடும் என்றார் செல்வம். இன்னும் கொஞ்சம் பல் தெரிகிற மாதிரி சிரிக்க வைக்கலாம் என்று ஒரு குரல். செத்தவர்களும் படத்தில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று இன்னொரு குரல். பக்கத்தில் 'நீடூழி வாழ்க' என்று எழுதிவிடலாம் என்றதற்கு, அப்படி எழுதினால் கட்சியில் சேர்ந்துவிட்டதாக நினைப்பார்கள் என்று பதில் வந்தது. எந்த யோசனைக்கும் படத்தின் மேல் தூரிகை பட்டாக வேண்டும். நான் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்து மறுத்துக்கொண்டிருந்தேன். மறுப்பது எனக்குப் பழகிய வேலை.

கிரேஸ் டீச்சர் மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எங்க ஹால்ல என் வீட்டுக்காரர் படம் இதே மாதிரிதான் மார்போட நின்னுடும். அது ஃபேமிலி போட்டோவுல இருந்து எடுத்தது. அவர் கை என் தோள் மேல இருந்துச்சு. ஸ்டுடியோவுல கையை வெட்டிட்டுத்தான் பெருசு பண்ணிக் குடுத்தாங்க. 'இப்படித்தான் மேடம் பண்ணுவோம், ஃப்ரேமுக்குள்ள வரணும்ல'ன்னாங்க."

பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

கஸ்தூரி சுவரைப் பார்த்தார். தன் கைகளைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

"என் கையி எங்க தம்பி?"

பிரவீன் போனை எடுத்து முதலில் எடுத்த புகைப்படத்தைத் தேடிக் காட்டினார். அதில் கை இருந்தது. இருபுறமும் இறங்கி வந்த சரம் மடியில் வந்து சேர்ந்து, விரல்களுக்கு நடுவே நூலோடு நின்றது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, அது போடப்பட்ட மாலை அல்ல, கட்டப்படுகிற சரம்.

"ஒரிஜினல் டிசைன்ல கை இருந்துச்சு மேடம்" என்றார் பிரவீன், என்னைப் பார்க்காமல். "கீழ ரெண்டரை அடி நீலப் பட்டை கண்டிப்பா வேணும்னு ஸ்பெஸிஃபிகேஷன்ல போட்டிருந்தாங்க. அதனால மேலேயே முடிச்சுட்டேன்."

எல்லோரும் நீலப் பட்டையைப் பார்த்தார்கள். அலுவலகத்தின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் இளம் பொறியாளர்கள் கவனிக்க வேண்டும். ஓவியம் திட்டப் பணி. அதன்மேல் கைவைக்க முடியாது. ஆனால் பட்டை ஓவியமல்ல. பட்டை, மதில்சுவரின் ஆண்டுப் பராமரிப்பில் வருகிறது. எம்-புக்கிலும் அது தனி இனம், தனி அளவு. ஆண்டுப் பராமரிப்பு உதவிச் செயற்பொறியாளரின் அதிகாரத்துக்குட்பட்டது. அதை எந்த வண்ணத்தில் அடிப்பது என்று சுற்றறிக்கை சொல்கிறது. 'இயன்றவரை நீலம்' என்று சொல்கிறது. அந்த 'இயன்றவரை'யை எழுதிய முகமறியா எழுத்தரை நான் அன்று வாழ்த்தினேன்.

"பட்டை என்னோடது. அதுல வரைங்க" என்றேன்.

பிரவீனுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. சரம் ஏற்கெனவே பட்டையின் விளிம்பு வரை இறங்கி வந்திருந்தது. அதைக் கீழே தொடர்ந்தால் போதும். மேலே ஒரு புள்ளிகூடப் பட வேண்டாம்.

"அந்த வருஷக் கணக்கும் அதுலதானே மேடம் கீது?" என்று கேட்டார் கஸ்தூரி.

"அதுவும் பட்டையிலதான்."

"போயிடுமா?"

"போயிடும்."

6. பட்டை வேலை

வேலை நடந்தபோது பிரவீன் ஒரு நிபந்தனை போட்டார். புகைப்படத்தைப் பார்த்துக் கையை வரைய வராது, அக்கா எதிரில் உட்கார்ந்து பூ கட்ட வேண்டும் என்றார். கடையை விட்டுவிட்டு எப்படி வருவது என்று கஸ்தூரி தயங்கினார். கடையில் வியாபாரம் எந்த லட்சணத்தில் இருந்தது என்பது இருவருக்கும் தெரியும் என்பதால் அதிக நேரம் தயங்கவில்லை. கூடையோடு வந்து, நடைபாதையில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கட்ட ஆரம்பித்தார்.

அந்த இடம் வியாபாரம் தடைசெய்யப்பட்ட பகுதி. அவர் வியாபாரம் செய்யவில்லை, ஓவியருக்கு மாதிரியாக அமர்ந்திருக்கிறார் என்று ரோந்து வந்த போக்குவரத்துக் காவலரிடம் நான் சொன்னேன். அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இந்தம்மா போயிட்டாங்கன்னு என் வொய்ஃப் சொன்னாளே" என்றார்.

"ஊருக்குப் போயிருந்தேன் சார், வந்துட்டேன்" என்றார் கஸ்தூரி, பூவிலிருந்து கண்ணெடுக்காமல்.

சுவரில் ஏறிய வண்ணப்பூச்சு செய்ததைவிட அந்த ஸ்டூல் செய்தது அதிகம் என்று இன்றும் நினைக்கிறேன். சிக்னலில் நின்றவர்கள் எல்லோரும் மேலே பெரிய கஸ்தூரியையும் கீழே சின்னக் கஸ்தூரியையும் ஒன்றாகப் பார்த்தார்கள். பேருந்து ஜன்னல்களிலிருந்து பெண்கள் கையசைத்தார்கள். செல்வம், தான் சொன்ன ஹார்ட் அட்டாக்கைத் தானே முன்வந்து ரத்து செய்தார்; ஸ்டாண்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஆஞ்சியோ பண்ணிக் காப்பாற்றிவிட்டார்கள் என்றார். அதைக் கேட்டுக் கஸ்தூரி பூக்கூடை மூடியை அவர் மேல் வீசியது எனக்குத் தெரியும். சுவரடியில் ரோஜா மாலை வைத்தவரும் வந்தார். ரயில்வேயில் வேலை பார்க்கும் நடுத்தர வயதுக்காரர். தினம் காலையில் மனைவிக்கு அவரிடம்தான் பூ வாங்குவாராம். படத்தைப் பார்த்த பிறகு அந்தக் கடைப் பக்கமே போகவில்லையாம். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வழக்கமான ஒரு முழம் கேட்டார். வியாபாரத் தடைப் பகுதி என்பதால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கைகள் பெரிதாக வந்தன. நகத்தில் மஞ்சள் கறை, விரலில் நூல் அறுத்த கோடு, நடுவே இரண்டு மொட்டு. மேலிருந்து இறங்கி வந்த சரங்கள் இரண்டும் அந்த விரல்களில் வந்து சேர்ந்தன. அலுவலகத்தின் பெயர் கொஞ்சம் சிறிதாகி வலது ஓரத்துக்குப் போயிற்று. கமிஷனர் காரை நிறுத்திப் பார்த்தார். பட்டை எங்கே என்று கேட்கவில்லை. "இது இன்னும் பெட்டர்" என்று சொல்லிவிட்டு, போனில் புதிதாக ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. பீர்க்கன்கரணை வீட்டார் திரும்பி வரவில்லை. வேறு ஆள் பார்த்துவிட்டார்கள். போன ஆர்டர்களில் பாதி போனதுதான். ஆனால் கிரேஸ் டீச்சர் தன் தம்பி மகளின் திருமணத்துக்கு ஆலய அலங்காரம், கார், மணப்பெண்ணின் பூங்கொத்து எல்லாவற்றையும் கஸ்தூரியிடமே கொடுத்தார். திருமணக் கார் ஆலயத்துக்குப் போகும் வழியில் அந்தச் சுவர் முன்னால் நின்றது. மணப்பெண் இறங்கி, சுவரிலிருந்த கைகளுக்குப் பக்கத்தில் பூங்கொத்தைப் பிடித்துக்கொண்டு படமெடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் கடையைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சுவரோரம் கல்யாணக் கார் நிற்பது அதன் பிறகு வழக்கமாகிவிட்டது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று புகார்கூட வந்தது. அதற்குப் பிரிவு இருக்கிறது, அனுப்பிவைத்தேன்.

7. தணிக்கை

இளையவர்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு சுவரில் எதையாவது வரைவதற்கு முன்னால், அந்தச் சுவரில் மக்கள் இதுவரை எதைப் பார்த்துப் பழகியிருக்கிறார்கள் என்று எதிரே உள்ள ஸ்டாண்டில் நின்று கேளுங்கள். ஓவியரின் மாதிரிப் படத்தைக் கமிட்டிக்குக் காட்டுமுன் படத்திலிருப்பவருக்குக் காட்டுங்கள். மக்களுக்குக் கலை புரியாது என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் அவர் காபியைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இந்தக் கதையைச் சொல்லுங்கள். விதிகளை நன்றாகப் படியுங்கள். முடியாது என்று சொல்வதற்கு மட்டும் அவற்றைப் படிக்காதீர்கள்.

நான் ஓய்வுபெறுவதற்குச் சற்று முன் தணிக்கை வந்தது. எதிர்பார்த்ததுதான். ஆண்டுப் பராமரிப்பு இனத்தில், நீரேற்று நிலைய மதிலின் நீலப் பட்டைக்குப் பதிலாக மனிதக் கைகள் வரையப்பட்டுள்ளன. இதன் அவசியம் குறித்து விளக்கம் தேவை என்று எழுதியிருந்தார்கள். உதவியாளர் இரண்டு பக்கத்துக்கு ஒரு வரைவு தயாரித்து வந்தார். சுற்றறிக்கை, 'இயன்றவரை', அழகியல் மேம்பாடு எல்லாம் அதில் இருந்தன. நன்றாகவே எழுதியிருந்தார். அதை வாங்கி வைத்துவிட்டு நானே ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன்.

'படத்தில் உள்ளவர் உயிருடன் இருப்பதால்.'

தணிக்கை அதிகாரி தாம்பரத்துக்காரர். ஆட்சேபணை கைவிடப்பட்டது.